ஊர்வோரும் சுமப்போரும்

வல்லத்திராக்கோட்டையில் என் சின்னம்மா வீட்டுத் திண்ணையோரத்தில், முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரே தூணில் சாய்ந்து நின்று, தன் கைப்பிடி உராய்ந்த இடத்தில் சுண்ணாம்பு உதிர்ந்து செங்கல் தெரியும்படி செய்துவிட்ட பழைய சைக்கிள் ஒன்று இருக்கிறது. பெண்களுக்கென்று வளைத்துச் செய்த சைக்கிள் அன்று அது. நடுவே பார் வைத்த, கனமான, ஆண்கள் ஓட்டும் சைக்கிள். செயின் கவர் எப்போதோ கழன்று போயிற்று. பிரேக் கட்டைகள் எத்தனை முறை மாறினவோ கணக்கில்லை. கேரியரில் மட்டும், தண்ணீர்க் குடம் உருண்டுவிடாதபடி சித்தப்பா சணல் கயிற்றால் சுற்றிக் கட்டிய கட்டு, கயிறு மாறினாலும் முடிச்சு மாறாமல் இன்னும் அதே இடத்தில் இருக்கிறது.

1992ஆம் ஆண்டின் தொடக்கத்தில், மாலை வேளைகளில், கண்மாய்க் கரைக்குக் கீழே செம்மண் இறுகிக் கிடந்த வெளியில், சின்னம்மா அந்தச் சைக்கிளில் ஏறிப் பழகியபோது கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடியவன் நான். எனக்கு அப்போது பதினான்கு வயது. சேலையைத் தூக்கி இறுக்கிச் செருகிக்கொண்டு, பாருக்கு மேலே காலைத் தூக்கிப் போட வராத காரணத்தால் முதல் வாரம் முழுவதும் பாருக்கு அடியில் காலை நுழைத்துக் குரங்குப் பெடல் போட்டுப் பழகி, இரண்டு முறை விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டு, மூன்றாவது வாரத்தில் ஒருநாள், திரும்பிப் பாராமலே, “கையை எடுத்துரு தம்பி. நீ புடிச்சிருந்தா, நான் ஓட்டுறேனா நீ தள்ளுறியான்னு எனக்கே தெரியாமப் போயிரும்” என்றார். அன்று அதை ஒரு பிடிவாதக்காரியின் பேச்சாகவே கேட்டுக்கொண்டேன். அதில் இருந்த கேள்வி எவ்வளவு பெரியது என்பது, நானே தினமும் மோட்டார் சைக்கிளில் புதுக்கோட்டைக்குப் போய்வரத் தொடங்கி வெகுகாலம் கழிந்த பின்னரே எனக்கு விளங்கலாயிற்று.

உத்தியோக நிமித்தம் போக வர நாளொன்றுக்கு முப்பது கிலோமீட்டர் அளவுக்கு என் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. லிட்டருக்கு ஐம்பது கிலோமீட்டர் என்று வைத்தாலும், மாதத்தில் இருபத்தைந்து நாளுக்குப் பதினைந்து லிட்டர் பெட்ரோல். இன்றைய விலையில் ஆயிரத்தைந்நூறு ரூபாய்க்குக் குறையாது. பணக் கணக்கு இத்துடன் முடிந்தது. இன்னொரு கணக்கு இருக்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை முக்கால் கிலோதான். ஆயினும் எரிகிறபோது காற்றிலுள்ள ஆக்சிஜனையும் இழுத்துச் சேர்த்துக்கொள்வதால், குழாய் வழியே வெளியேறும் கரியமில வாயு சுமார் 2.3 கிலோ ஆகிவிடுகிறது. ஆக, மாதத்துக்கு ஏறத்தாழ 35 கிலோ, அதாவது பள்ளிக்குச் செல்லும் ஒரு சிறுவனின் எடை, கண்ணுக்குத் தெரியாத வாயுவாக என் பின்னே இறங்கிப் போயிற்று. செலவு என் சட்டைப் பையைச் சார்ந்தது. அதைக் கூட்டுவதும் குறைப்பதும் என் விருப்பம் என்று சொல்லிவிடலாம். இந்த முப்பத்தைந்து கிலோவை யார் வாங்கிக்கொள்கிறார்கள், எங்கே இறக்கி வைக்கிறார்கள் என்ற கேள்விக்கு அப்படிப் பதில் சொல்ல முடியாது. நான் ஊர்கிறேன் என்றால் என்னைச் சுமப்பது யார் என்று கேட்கிறபோது, விஷயம் சிக்கனத்தைக் கடந்து தர்ம விசாரத்துக்குள் வந்துவிடுகிறது.

நம்முடைய மொழியில் இந்த விசாரம் புதியதன்று. திருக்குறளின் அறன் வலியுறுத்தல் அதிகாரத்திலேயே சிவிகை வருகிறது. அதைத் தோளில் தாங்குகிறவனும் அதன்மேல் ஏறிச் செல்கிறவனும் அருகருகே நிறுத்தப்படுகிறார்கள். பழைய உரைகாரர்கள் அதைப் புண்ணிய பாவங்களின் பயன் கண்முன்னே தெரிவதற்குச் சான்றாகக் கொண்டார்கள். அந்த வேற்றுமையை அறத்தின் விளைவென்று கற்பிக்கவே கூடாது என்பதுதான் குறளின் கருத்தென்று பிற்காலத்தவர் சிலர் வாதித்தார்கள். எந்த உரையை ஏற்றாலும், பிரயாணம் என்ற சாதாரணச் செயலை எடுத்துக்கொண்டு, அதில் இரண்டு மனிதர்கள் இருக்கிறார்கள், ஒருவன் மேலே, ஒருவன் கீழே என்று வள்ளுவர் பார்த்துவிட்டார் என்பதில் சந்தேகமில்லை.

அதைவிட என் நெஞ்சைத் தொடுவது பெரிய புராணத்தில் வரும் ஒரு காட்சி. திருநெல்வாயில் அரத்துறையில் இறைவன் அருளாகக் கிடைத்த முத்துச் சிவிகையில் அமர்ந்து, அடியார் கூட்டம் சூழத் திருஞானசம்பந்தர் திருப்பூந்துருத்தியை நோக்கி வருகிறார். அங்கே தங்கியிருந்த திருநாவுக்கரசர், வயது முதிர்ந்தவர், எதிர்கொண்டு சென்று, எவரும் அறியாதபடி கூட்டத்தில் நுழைந்து, சிவிகை சுமப்போரில் ஒருவராய்த் தாமும் தோள் கொடுத்து நடந்து வருகிறார். ஊரை நெருங்கியதும், அப்பர் எங்கே என்று சம்பந்தர் கேட்கிறார். தங்கள் அடிகளைத் தாங்கும் பேறு பெற்று இங்கே இருக்கிறேன் என்ற குரல் கீழேயிருந்து வருகிறது. அதைக் கேட்ட மாத்திரத்தில் பதைத்துச் சிவிகையினின்றும் இறங்கி, அவரை வணங்குகிறார் சம்பந்தர். பக்தியின் பெருமையைச் சொல்ல வந்த இடம் அது என்பதை நான் மறக்கவில்லை. ஆனாலும் அதில் ஓர் அறநியதியும் இருப்பதாக எனக்குப் படுகிறது. சுமப்பவர் இன்னாரென்று தெரியாதவரையில் சம்பந்தர் அமர்ந்திருந்தார். அதில் குற்றம் காண்பதற்கு ஒன்றுமில்லை. தெரிந்த பிறகு ஒரு கணமும் அமர்ந்திருக்க அவரால் முடியவில்லை. அறிவு வந்ததும் உடல் தானாகவே கீழே இறங்கிவிட்டது.

நம்மைச் சுமப்போரின் குரல் நமக்கு அவ்வளவு அருகிலிருந்து வருவதில்லை. 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் விடியுமுன் வேதாரண்யத்துப் பக்கம் கரையேறிய கஜா புயல், ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு என்று எங்கள் மாவட்டத்தின் கிழக்குப் பகுதி முழுவதும் புகுந்து, தென்னையையும் பலாவையும் வேரோடு சாய்த்துப் போட்டது. இருபது முப்பது ஆண்டு வளர்த்த தென்னந்தோப்பு ஒரே இரவில் விறகுக் குவியலாகக் கிடந்ததைப் பார்த்து, அழவும் தோன்றாமல் வரப்பில் உட்கார்ந்திருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரு தனிப் புயலை ஒரு தனி வண்டியின் புகைக்குக் கணக்கெழுதுவது நியாயமாகாது. ஆனால் புயலுக்கு உணவு கடல்நீரின் வெப்பம். அந்த வெப்பம் ஏறிக்கொண்டு வருகிறது. அதற்குக் காரணம் நிலக்கரியும் பெட்ரோலும் டீசலும் எரிவது. இந்த மூன்றையும் அறிந்த பிறகும், வரப்பில் உட்கார்ந்திருந்த அந்த மனிதருக்கும் என் வண்டிக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லையென்று என் மனசாட்சி சொல்ல மறுக்கிறது. இன்னும் பிறக்காதவர்களும் இந்தச் சிவிகைக்குத் தோள் கொடுத்திருக்கிறார்கள். எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டால் பதில் சொல்லவும் அவர்களுக்குக் குரல் வாய்க்கவில்லை.

பிரயாணம் என்பது ஹிம்சையோடு கலந்தது என்பதை இந்த மாவட்டத்தில் முதலில் யோசித்தவர்கள் யார் என்று கேட்டால், சித்தன்னவாசலைத்தான் காட்ட வேண்டும். அங்கே மலையின் ஒரு புறம் ஏறி, உச்சியைக் கடந்து, மறுபுறத்தில் பாறையைப் பற்றிக்கொண்டு இறங்கினால் வருவது ஏழடிப்பட்டம். காலை ஊன்றப் பாறையில் வெட்டிய ஏழு படிக்குழிகளால் அந்தப் பெயர். குகைக்குள்ளே வழவழப்பாக இழைத்த பதினேழு கற்படுக்கைகள், தலை வைக்குமிடம் சற்றே உயர்ந்தவையாய், வரிசையாகக் கிடக்கின்றன. ஒன்றின் ஓரத்தில் தமிழ் பிராமி எழுத்து. கிறிஸ்து சகாப்தத்துக்கு முன்பிருந்தே சமண முனிவர்கள் அங்கே தவமிருந்தார்கள். மலையின் மற்றொரு பக்கத்தில், ஒன்பதாம் நூற்றாண்டில் இளங்கௌதமன் என்னும் மதுரை ஆசிரியன் புதுப்பித்த அறிவர் கோயிலின் விதானத்தில், தாமரைக் குளத்தில் மீனும் அன்னமும் எருமையும் யானையும் ஒன்றையொன்று அஞ்சாமல் வாழும் ஓவியம் இன்று பெரும்பாலும் மங்கிவிட்டது. ஆயினும் பார்த்தவர் மறக்க மாட்டார்.

அந்த முனிவர்களுக்கு வாகனம் கிடையாது. நடக்கும்போதும், நுகத்தடியின் நீளம் எவ்வளவோ அவ்வளவு தூரம், அதாவது நான்கு முழம், முன்னே நிலத்தைப் பார்த்துக்கொண்டே, எறும்பும் புழுவும் மிதிபடாதபடி அடி வைக்க வேண்டும் என்பது ஈரியா சமிதி என்னும் ஒழுக்கம். மழைக்காலத்தில் மண்ணெங்கும் ஜீவன் பெருகுமாதலால், அந்த மாதங்களில் ஊர் விட்டு ஊர் போகாமல் ஒரே இடத்தில் தங்கிவிடுவார்கள். இது துறவிகளுக்கு. வயலும் வாணிகமும் குடும்பமும் உள்ள கிருகஸ்தனால் இப்படி வாழ முடியாது என்பதைச் சமண ஆசிரியர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். ஆகையால் அவனுக்கு வேறு விரதங்களை வகுத்தார்கள். அவற்றில் இரண்டு, இன்றைக்கு நாம் தேடிக்கொண்டிருக்கும் மருந்தைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே அரைத்து வைத்தவை போல எனக்குத் தோன்றுகின்றன.

ஒன்று திக்விரதம். இன்ன திசையில் இந்த ஆறு வரை, இன்ன திசையில் அந்த மலை வரை, அதற்கு அப்பால் போவதில்லை என்று பத்துத் திக்குகளுக்கும் எல்லை வகுத்துக்கொண்டு ஆயுள் முழுவதும் அதை மீறாதிருப்பது. மற்றொன்று தேசாவகாசிகம். அந்தப் பெரிய எல்லைக்குள்ளேயே, இன்று ஒரு நாளைக்கு இந்தத் தெரு வரைக்கும், இந்த மாதத்துக்கு இந்த ஊர் வரைக்கும் என்று காலமும் இடமும் குறித்துச் சுருக்கிக்கொள்வது. சமந்தபத்திரரின் ரத்னகரண்ட சிராவகாசாரமும், அதைத் தழுவித் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பும் இவற்றை விவரிக்கின்றன. இதற்கு அவர்கள் சொல்லும் காரணம் மிகவும் நுட்பமானது: எல்லைக்கு உள்ளே வாழ்கிற இல்லறத்தான் தவிர்க்க முடியாத சிறு சிறு ஹிம்சைகளைச் செய்துகொண்டுதான் இருப்பான், ஆனால் தான் போகாத அந்த எல்லைக்கு அப்பாலுள்ள உலகம் முழுவதற்கும், அவன் ஒரு துறவிக்கு நிகராகிவிடுகிறான். போகாமல் இருப்பதும் ஒரு கொடை என்பதை இவ்வளவு துல்லியமாகச் சொன்ன தர்ம சாஸ்திரம் வேறொன்று என் கண்ணில் பட்டதில்லை. தூரத்தைக் கடப்பதே வீரம் என்று கொண்டாடுகிற காலத்தில், கடக்காமல் விட்ட தூரத்தையும் புண்ணியக் கணக்கில் எழுதுகிறார்கள்.

இந்த விரதத்தில் மனம் பறிகொடுத்து, ஒருநாள் சின்னம்மாவிடம் விளக்கமாகச் சொன்னேன். முந்திரிக் கொட்டை உடைத்துக்கொண்டே கேட்ட அவர், சொல்லி முடித்ததும் வேலையை நிறுத்தாமலே கேட்டார்: “எங்களுக்கெல்லாம் அந்த எல்லைய முன்னாடியே போட்டு வச்சிருந்தாகளே தம்பி, கெணத்தடி வரைக்கும், வயக்காடு வரைக்கும்னு. அதுக்குப் புண்ணியம் உண்டாமா?”

எனக்குப் பதில் வரவில்லை. பிரயாணத்தைக் குறைப்பது பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பதில் சொல்லாமல் தாண்டிச் செல்லும் இடம் இதுதான் என்பதால், இங்கே சற்று நிற்க வேண்டியிருக்கிறது. 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் தொடங்கியபோது, கிராமத்துப் பெண்ணின் உலகம் அவள் கால் நடந்து களைக்கும் தூரம்தான். அதற்கு மேல் போக வேண்டுமானால், நாளுக்கு ஒன்றோ இரண்டோ வரும் பஸ்ஸுக்காகப் புளியமரத்தடியில் காத்திருக்க வேண்டும். இல்லையேல் அப்பனோ அண்ணனோ புருஷனோ மனமிரங்கிச் சைக்கிளில் பின்னால் உட்கார வைத்து அழைத்துப் போக வேண்டும். குடத்தில் தண்ணீர், கூடையில் காய்கறி, தலையில் சுள்ளிக் கட்டு என்று சுமையெல்லாம் அவள்மேல். சக்கரம் மட்டும் ஆணுக்கு. அவளுக்கு எல்லை வகுத்தது அவளுடைய விரதம் அன்று, ஊரின் வழக்கம். பிறர் கட்டிப் போட்டதால் போகாதவனைச் சமண நூல்கள் விரதி என்று அழைக்கவில்லை. மனம் உவந்து எடுப்பதே விரதம். போகும் வல்லமை உள்ளவன் போகாதிருப்பதில்தான் அறம் தொடங்குகிறது. அந்த வல்லமையே மறுக்கப்பட்டவளிடம் சென்று அடக்கத்தை உபதேசிப்பது, சிவிகையில் ஒருநாளும் ஏறாதவளைப் பார்த்து இறங்கு என்று சொல்வதாகும்.

அன்றைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், எழுத்தறிவோடு சைக்கிளையும் இயக்கத்தின் பாடமாக்கினார். அந்த முடிவின் அறிவுடைமையை நினைக்க நினைக்க எனக்கு மதிப்புக் கூடுகிறது. கற்பிக்கப் போகும் இளம் பெண் தொண்டர்கள் ஊர் ஊராகச் செல்ல வேண்டும். ஒவ்வொரு முறையும் ஓர் ஆணின் தயவுக்குக் காத்திருந்தால் அரிச்சுவடி அவர்கள் கையிலேயே நின்றுவிடும். ஆதலால் முதலில் தொண்டர்கள் கற்றார்கள். அவர்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வந்தவர்களும் கற்றார்கள். கல் உடைக்கும் பெண்கள், நாற்று நடும் பெண்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், செவிலியர், ஆசிரியைகள் என்று யாவரும் வந்தார்கள். சைக்கிள் வாங்கக் கடனுதவியும் செய்யப்பட்டது. பெண்கள் சைக்கிள் கடைகளில் தீர்ந்துபோய், பார் வைத்த ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள் என்று அக்காலத்தில் இங்கு வந்து எழுதிய பத்திரிகையாளர் பி. சாய்நாத் குறித்திருக்கிறார், சின்னம்மாவின் சைக்கிளில் பார் இருப்பதன் ரகசியமும் அதுவே. கைப்பிடிக்கும் ஆசனத்துக்கும் இடையிலுள்ள பாரில் ஒரு குழந்தையை உட்கார வைக்கலாம் என்ற சௌகரியத்தையும் அவர்கள் கண்டுகொண்டார்கள். 1992 மார்ச் மாதம் மகளிர் தினத்தன்று, கைப்பிடியில் கொடி கட்டி, மணியடித்துக்கொண்டு, ஆயிரத்தைந்நூறு பெண்கள் புதுக்கோட்டைத் தெருக்களில் சைக்கிளில் வந்தபோது நகரமே திகைத்து நின்றது. அந்த ஓரிரு ஆண்டுகளில் மாவட்டத்தில் சைக்கிள் ஓட்டக் கற்ற கிராமத்துப் பெண்கள் ஒரு லட்சத்துக்கு மேல் என்பது சாய்நாத் தரும் கணக்கு. முத்து பாஸ்கரன் என்ற அறிவொளித் தொண்டர் சைக்கிளைப் பற்றி எழுதிய பாட்டு ஊர் ஊராய்ப் பாடப்பட்டது. கேலி பேசியவர்களும் உண்டு. வழியில் பின்தொடர்ந்து வந்து கூச்சலிட்டவர்களும் உண்டு. சின்னம்மா அவர்களைப் பற்றிப் பேசுவதே இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை, நான்கு மைல் தள்ளி இருந்த தன் தாய் வீட்டுக்கு, யாரையும் கேளாமல், பஸ்ஸுக்கும் நில்லாமல், தானே போய் இறங்கி, தாயாருக்குக் காய்ச்சல் கஷாயம் வைத்துக் கொடுத்துவிட்டு விளக்கு வைப்பதற்குள் திரும்பி வந்ததை மட்டும் இன்றும் மணிக்கணக்கில் சொல்வார்.

மகாராஜா கல்லூரியில் ஆண்களோடு அமர்ந்து படிக்க அனுமதி பெற்ற முதல் மாணவியான முத்துலட்சுமி ரெட்டியைத் தந்த ஊர் புதுக்கோட்டை. வாசற்கதவுகள் இங்கே எளிதில் திறந்ததில்லை. திறந்தபோதெல்லாம் ஒருத்தி துணிந்து நடந்தாள், பின்னால் பலர் வந்தார்கள்.

அந்த ஆண்டுகளில் புதுக்கோட்டையில் நடந்ததைப் பெண் விடுதலை என்ற ஒரு தலைப்பில் அடக்கிவிடுவது வழக்கம். நான் அதில் மற்றொன்றையும் காண்கிறேன். ஒரு லட்சம் மனிதர்களின் எல்லை விரிந்தது. அதற்காக ஒரு சொட்டு எண்ணெய் எரியவில்லை, ஒரு தென்னை சாயவில்லை, ஒருவர் தோளும் நோகவில்லை. சுதந்திரமும் அஹிம்சையும் ஒன்றுக்கொன்று பகை என்றும், ஒன்று வேண்டுமானால் மற்றொன்றைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றும் நாம் நினைத்துக்கொண்டிருந்தபோது, இரண்டும் ஒரே வாகனத்தில் ஏறி வந்தன. ஏனெனில் சைக்கிளில் ஊர்பவரும் சுமப்பவரும் ஒருவரே. நீ பிடித்திருந்தால் நான் ஓட்டுகிறேனா நீ தள்ளுகிறாயா என்று தெரியாது என்றாரே சின்னம்மா, அதே சொல்லை என் மோட்டார் சைக்கிளிடம் கேட்டுப் பார்த்தேன். அதை நான் ஓட்டுவதாக நினைத்திருந்தேனே தவிர, தள்ளிக்கொண்டிருந்தவர்கள் வேறு எங்கெங்கோ இருந்தார்கள்.

1909இல் கப்பலில் பிரயாணம் செய்துகொண்டே ‘ஹிந்த் ஸ்வராஜ்’ எழுதிய காந்தியடிகள், ரயிலைக் கண்டித்து, மனிதனுடைய கைகால்களின் சக்தியே அவன் போக்குவரத்துக்கு இறைவன் வைத்த வரம்பு என்று வாதித்தார். அவர் பிறகு நாடெங்கும் மூன்றாம் வகுப்பில் ரயிலிலேயே அலைந்து, மக்கள் படும் பாட்டைக் கண்டு எழுதினார். வாதத்தைவிட அந்த மூன்றாம் வகுப்புப் பெட்டியே எனக்கு அதிகம் கற்பிக்கிறது. பலரோடு சேர்ந்து, நெருங்கி, வியர்வை நாற்றத்தைச் சகித்துப் போவதில் ஒரு சமத்துவம் உண்டு. 1970களில் இவான் இல்லிச் என்ற அறிஞர் மெக்சிகோவிலிருந்து எழுதியபோது இதை வேறொரு கணக்கால் நிரூபித்தார்: கார் வாங்கவும் ஓட்டவும் பழுது பார்க்கவும் வேண்டிய பணத்தைச் சம்பாதிக்கச் செலவாகும் மணிநேரத்தையும் பிரயாண நேரத்தோடு கூட்டினால், அமெரிக்கர் ஒருவர் கடந்த தூரம் மணிக்கு ஐந்து மைலுக்கும் குறைவு, சைக்கிளில் செல்கிறவரோ நடப்பவரைவிட மூன்று நான்கு மடங்கு வேகமாகச் செல்கிறார், செலவிடும் சக்தி நடப்பதில் ஐந்தில் ஒரு பங்கு. தவணையில் வண்டி எடுத்து, மாதத்தில் பல நாள் கூலியைப் பெட்ரோல் பங்கில் இறக்கிவிட்டு, வேலைக்குப் போவதற்காக வண்டியும் வண்டிக்காக வேலையுமாக ஓடிக்கொண்டிருக்கும் எங்கள் பக்கத்து இளைஞர்களைப் பார்க்கிறபோதெல்லாம் இந்தக் கணக்கு எனக்கு ஞாபகம் வருகிறது.

ஆனால் இதைச் சொல்கிறபோதே என் எதிரில் நிற்கும் ஆட்சேபங்களை நான் மதிக்கிறேன். சித்திரை வெயிலில், தார் உருகும் சாலையில், பதினைந்து கிலோமீட்டர் மிதி என்று ஒருவரைச் சொல்ல எனக்கு மனம் வராது. மணல் லாரியும் வெளியூர் பஸ்ஸும் அறுபது எழுபது கிலோமீட்டர் வேகத்தில் உரசிக்கொண்டு போகும் சாலையில், சைக்கிளுக்கென்று ஒரு முழ அகலமும் விடாமல் அகலப்படுத்திவிட்டு, ஜனங்கள் சைக்கிளை விட்டுவிட்டார்களே என்று வருந்துவதில் பொருளில்லை. நோயாளிக்கு ஆட்டோ வேண்டும். பிரசவத்துக்கு ஆம்புலன்ஸ் வேண்டும். சின்னம்மாவின் மகள், என் தங்கை, ஸ்கூட்டியில்தான் வேலைக்குப் போகிறாள். இரவு எட்டு மணிக்குத் தைலமரக் காட்டு வழியே தனியாக வரவேண்டியவளுக்கு, வேகமே பாதுகாப்பு. அவளிடம் நான் திக்விரதம் பேசவில்லை, பேசவும் மாட்டேன்.

நெடுந்தூரத்துக்குப் பஸ் இருக்கிறது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அந்தச் சலுகை கையில் நின்ற காசைவிட, கணக்குக் கேட்பாரில்லாமல் கிளம்பும் தைரியத்தைத்தான் பெரிதும் கொடுத்திருக்கிறது என்பதைக் காலை நேரத்து நிறுத்தத்தில் கூடையோடு நிற்கும் எவரும் சொல்வார்கள். லிட்டர் டீசலுக்கு ஐந்து கிலோமீட்டர் ஓடும் பஸ்ஸில் ஐம்பது பேர் ஏறினால், ஒரு லிட்டர் ஒரு மனிதரை 250 கிலோமீட்டர் கொண்டுபோய் விடுவதற்குச் சமம். நான் தனியே போகும் மோட்டார் சைக்கிள் அதே ஒரு லிட்டரில் ஐம்பதைத்தான் கடக்கும். தனியாகப் போகும் காரோ பதினைந்து. பஸ்ஸும் ஒரு சிவிகைதான். ஆனால் ஐம்பது பேர் ஏறிக்கொண்டு சுமையை ஐம்பதாகப் பகிர்ந்துகொள்ளும் சிவிகை. அது வருகிற நேரத்துக்கு வருமானால், கடைசி நடை ரத்தாகாமல் இருக்குமானால், பாதிப் பேர் வண்டிச் சாவியை ஆணியில் மாட்டிவிடுவார்கள் என்று நான் திடமாக நம்புகிறேன். தனி மனிதனின் விரதமும் அரசின் கடமையும் ஒன்றை ஒன்று தாங்க வேண்டியவை. பஸ் விடாத அரசு விரதத்தைப் போதிக்கக் கூடாது, பஸ் இருந்தும் ஏறாதவன் அரசைக் குறை சொல்லக் கூடாது.

தைப்பூசத்துக்குப் பழநி வரை செருப்பில்லாமல் நடந்துபோய் வந்து, கால் கொப்புளத்தைப் பெருமையோடு காட்டுகிற எங்கள் ஊர்க்காரர்கள், மறுநாள் காலையில் இரண்டு தெரு தள்ளிப் பால் வாங்க வண்டியை உதைக்கிறார்கள். நானும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன். இறைவனுக்காக நடக்கிற தூரம் புனிதமென்றால், பாலுக்காக நடக்கிற தூரம் ஏன் அவமானமாயிற்று என்று ஒருநாள் வண்டியை உதைக்கக் காலைத் தூக்கியபோது தோன்றியது. காலைக் கீழே வைத்துவிட்டேன். அன்றிலிருந்து தேசாவகாசிகத்தில் மிகச் சிறிய ஒன்றை எடுத்துக்கொண்டிருக்கிறேன்: ஊர் எல்லைக்குள் எனக்கு இயந்திரம் கிடையாது, புதுக்கோட்டைக்குப் பஸ். மழையிலும் அவசரத்திலும் சில நாள் தவறியிருக்கிறேன். தவறிய நாளைக் காலண்டரில் வட்டமிட்டு வைத்துக்கொள்கிறேன். வட்டங்கள் குறைந்து வருகின்றன.

வீட்டிலிருந்து பஸ் நிறுத்தம் வரை போக, சின்னம்மா தம் சைக்கிளையே கொடுத்துவிட்டார். முழங்கால் வலியால் இப்போதெல்லாம் அவர் அதிகம் ஓட்டுவதில்லை. காலையில் அதை டீக்கடைச் சுவரோரம் நிறுத்திப் பூட்டிவிட்டுப் பஸ் ஏறுகிறேன். இரவு இறங்கி, கண்மாய்க் கரை வழியே திரும்புகையில், பழைய டைனமோவைச் சக்கரத்தோடு சேர்த்து அழுத்திவிட்டால் சர்ரென்ற சத்தத்தோடு விளக்கு எரியத் தொடங்குகிறது. மேடு வந்து கால் தளர்ந்தால் வெளிச்சமும் தளர்ந்து மஞ்சளாகிறது. பள்ளம் எங்கே இருக்கிறதென்று பார்க்க வேண்டுமானால் நான்தான் மிதிக்க வேண்டும். நேற்றிரவு வீட்டு வாசலுக்கு வருமுன்னரே, அந்தச் சத்தத்தை வைத்துத் திண்ணையில் எழுந்து உட்கார்ந்திருந்தார் சின்னம்மா.

“பின் சக்கரத்துல காத்துக் கம்மியா இருக்கு. சத்தத்துலயே தெரியுது” என்றார். விளக்கைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லிவிட்டு, குனிந்து, டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். வால் டியூப் போயிருக்கும் என்று சொல்லிக்கொண்டே, பம்பை எடுத்துவர உள்ளே போனார்.